துக்க வீட்டு ஒயின்

நவம்பர் 7

நாட்குறிப்பு எழுதச் சொன்னது டாக்டர். தூக்கம் வரவில்லை என்று போனேன். மாத்திரை தரவில்லை. "அன்னன்னைக்கு நடந்தத எழுதுங்க சிகாமணி சார், மனசு லேசாகும்" என்றார். எனக்கு ஏன் மாத்திரை தருவதில்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கும் தெரியும். பாளையங்கோட்டை அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

நான் வானொலியில் வேலை பார்த்தவன். உர விலை, புயல் எச்சரிக்கை, தலைவர்கள் மறைவு எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் சுருக்கமாக: மனைவி ரஞ்சிதம் செப்டம்பரில் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. ஒரு காலத்தில் குடித்தேன், பதினான்கு வருடமாகக் குடிப்பதில்லை. குடித்த காலத்தில் ஒரு நாள் வானிலை அறிக்கையை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். இரண்டு தடவையும் மழை பெய்யவில்லை.

இன்று நடந்தது: பால்காரர் வந்தார்.

நவம்பர் 9

திராட்சைக்காரர் இசக்கி வந்தார். வருடா வருடம் இந்தச் சமயத்தில் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை கொண்டுவந்து ரஞ்சிதத்திடம் கொடுப்பவர். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"அம்மா இல்லியா சார்?"

"இல்ல."

"சரி, வழக்கமா எடுக்கது பத்து கிலோ. உள்ள வச்சிருதேன். வந்தாச் சொல்லுங்க, இந்த வருசம் நல்ல கருப்பு."

சொல்கிறேன் என்றேன். பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாசலிலேயே நின்று என் பதிலைச் சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

விஷயம் தெரியாதவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஒயின் போடுவது ரஞ்சிதத்தின் வேலை. கேரல் பாடிக்கொண்டு சபையார் வரும்போது அதை எவர்சில்வர் டம்ளரில், மோர் ஊற்றுவது போல விளிம்பு வரை ஊற்றித் தருவாள். தெருவே குடிக்கும். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து குடிக்காமல் இருப்பேன். பாடகர் குழுத் தலைவர் சாலமோன் வாத்தியார் இரண்டாவது டம்ளரில் தள்ளாட ஆரம்பிப்பார். "ரெண்டு டம்ளருக்கே இப்படியா வாத்தியாரே" என்று நான் புத்தி சொல்வேன். எங்கள் பாதிரியாரான சபை ஐயர் ஒரு முறை பிரசங்கத்தில் என்னைப் பெயர் குறிப்பிடாமல் பாராட்டினார். பெயர் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

நவம்பர் 10

பத்து கிலோ திராட்சையை ஒற்றை ஆள் தின்று தீர்க்க முடியாது. எறிவது பாவம். ஆகவே ஒயின் போடுவதென்று முடிவு செய்தேன். இதில் வேறு எந்தக் காரணமும் இல்லை.

துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. ஒயின் கட்டுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. அரசாங்கம் கடை போட்டு விற்கும் பொருளை வீட்டில் செய்தால் குற்றம் என்று ஏதாவது சட்டம் இருக்கலாம். டிசம்பரில் அதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

ரஞ்சிதம் எப்படிச் செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. ஒயின் போடும் நாட்களில் என்னைச் சமையலறைக்குள் விடமாட்டாள். காரணத்தை நானும் கேட்டதில்லை. ஆகவே போனில் வீடியோ பார்த்தேன். "ஹாய் பிரெண்ட்ஸ்" என்று தொடங்கி, மாமியாரை அறிமுகப்படுத்தி, மிக்ஸி விளம்பரம் முடிந்து திராட்சைக்கு வருவதற்குள் யவனர்கள் ஒயினைக் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கை கோதுமையும் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, பீங்கான் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்ட வேண்டும். தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். மூன்று வாரம் போல ஆகும்.

சர்க்கரை விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலோர் கிலோவுக்குக் கால் கிலோ என்கிறார்கள். ஒருவர் மட்டும் முக்கால் கிலோ என்றார், "அப்பதான் கிக் இருக்கும்" என்பது அவர் வாதம். பெரும்பான்மைக் கருத்து எப்போதும் சரியாக இருந்ததில்லை என்பதற்கு வரலாற்றில் நிறைய உதாரணங்கள் உண்டு. முக்கால் கிலோ போட்டேன்.

நவம்பர் 12

மைத்துனன் கோயில்பிள்ளையும் அவன் மனைவி பியூலாவும் வந்தார்கள். கோயில்பிள்ளை ரஞ்சிதத்தின் தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"அத்தான், இது என்னது?"

"திராட்சை."

"திராட்சைன்னு தெரியுது. எதுக்குன்னு கேக்கேன்."

"கேரலுக்கு வாரவங்களுக்கு. உங்க அக்கா வருசா வருசம் போடுவால்லா."

"அக்கா போட்டா. நீங்க எதுக்குப் போடணும்? நம்ம வீட்ட இந்த வருசம் யாரு எதிர்பாக்கா?"

"பத்து கிலோவ என்ன செய்யச் சொல்லுத?"

"சாறு புழிஞ்சு பிரிட்ஜில வைங்க."

பியூலா, "மைனி அத எப்படிப் பண்ணுவான்னா…" என்று ரஞ்சிதத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். கோயில்பிள்ளை இருமினான். சளி இல்லாத இருமல். அவள் நிறுத்திக்கொண்டாள். குடும்பத்தில் சமையல் முறைகளை ரகசியமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நான் வற்புறுத்தவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "அத்தான், பதினாலு வருசம்" என்றான்.

தெரியும் என்றேன்.

நவம்பர் 13

கிண்டினேன்.

நவம்பர் 15

வங்கிக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபித்துவிட்டு வந்தேன். நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். இயந்திரத்தில் விரலை வைத்தால் ரேகை பதியவில்லை. "இன்னொரு வாட்டி வைங்க சார். அழுத்தி வைங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நான்காவது தடவை இயந்திரம் என்னை நம்பியது. கைரேகையில் திராட்சைச் சாயம் ஏறியிருந்தது காரணமாக இருக்கலாம்.

குடும்ப விவரத்தில் மாற்றம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன்.

நவம்பர் 17

ஜாடி பேச ஆரம்பித்துவிட்டது. காதை வைத்தால் சோடா திறந்தது போல் ஒரு ஓசை, நிற்காமல். மேலே தோல்கள் மிதந்து ஒரு மூடி போலக் கட்டியிருக்கின்றன. கரண்டியை விட்டால் நுரைத்துக்கொண்டு உடைகிறது. வீடியோக்காரர்கள் யாரும் இந்த ஓசையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தால் கேட்டிருக்கும்.

என் நாற்காலியைச் சமையலறைக்கு மாற்றினேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. மழைக்காலத்தில் காற்று முக்கியம்.

நவம்பர் 18

கிண்டினேன். கரண்டியைக் கழுவினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசனை போகவில்லை, மறுபடி கழுவினேன்.

நவம்பர் 21

மழை. மின்சாரம் இல்லை. கிண்டினேன். மதியம் சோறு வைக்க மறந்துவிட்டேன். அடுப்பங்கரையில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால் இது கொஞ்சம் விசித்திரம்.

நவம்பர் 24

பியூலா தனியாக வந்தாள். சாளைமீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ஜாடிய நம்ம வீட்டுல கொண்டு வச்சுக்கிடட்டா? நான் தெனமும் கிண்டுதேன். ஆனப்பொறவு கொண்டாந்து தாரேன்."

இந்தக் கட்டத்தில் இடம் மாற்றினால் வெப்பநிலை மாறி நொதிப்பு கெட்டுவிடும் என்று விளக்கினேன்.

"ரெண்டு தெருவுல என்ன வெப்பம் மாறும்?"

மாறும் என்றேன்.

"அண்ணே, நீங்க இதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கிய. நாற்காலியப் போட்டு."

காற்று வருகிறது என்றேன். பியூலா அழுதாள். எதற்கு என்று கேட்கவில்லை, வெப்பநிலை பற்றி இன்னொரு முறை விளக்கினேன். குழம்பு நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 30

சாலமோன் வாத்தியார் வந்தார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பாடகர் குழுவையும் அதே விசிலை வைத்துத்தான் நடத்துகிறார்.

"சார், இந்த வருசம் உங்க வீட்டுல பாட்டு கெடையாது. கமிட்டியில பேசியாச்சு. உள்ள வந்து ஒரு ஜெபம், அவ்வளவுதான். டிரம் தெருமுக்குலயே நின்னுரும். ஒண்ணும் தரவும் வேண்டாம்."

"ஒயின் இருக்கு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உடனே அணைந்தது.

"யாரு போட்டா?"

"நான்தான்."

"அக்கா பண்ணுத மாதிரியே பண்ணியிருக்கியளா?"

"அதே மாதிரிதான்."

"கடைசி வரைக்கும் அதே மாதிரியா?"

கடைசி வரைக்கும் என்றேன். "அப்பச் சரி, அப்பச் சரி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். குடியில் மட்டும் கொஞ்சம் பலவீனம்.

டிசம்பர் 5

வடிகட்டினேன். துவைத்த வேட்டியை இரண்டாக மடித்து வைத்து, சக்கையைப் பிழிந்து, ஸ்குவாஷ் பாட்டில்களில் நிரப்பினேன். நிறம் நன்றாக வந்திருக்கிறது. பாட்டில்கள் நிறைந்தபின் ஒரு டம்ளர் மிஞ்சியது. தட்டு போட்டு மூடி மேடையில் வைத்தேன்.

டிசம்பர் 6

டம்ளர் இருக்கிறது.

டிசம்பர் 7

ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. மழை என்று சொல்லலாம், மழை இல்லை. தட்டைத் திறந்து பார்த்தேன். எறும்பு ஏறியிருக்கிறதா என்று.

டிசம்பர் 8

எறும்பு இல்லை.

டிசம்பர் 10

டம்ளரை மேடையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு மேசையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தேன்.

டிசம்பர் 14

இன்று நடந்தது கொஞ்சம் நீளம். வரிசையாக எழுதுகிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கேரல் குழு வந்தது. ஏழெட்டுப் பேர். டிரம் அடிப்பவன் கோயில்பிள்ளை. சொன்னபடியே டிரம்மைத் தெருமுக்கில் வைத்துவிட்டு வந்தான். சாலமோன் வாத்தியார் ஜெபம் செய்தார். ரஞ்சிதத்தின் பெயரை மூன்று இடத்தில் சொன்னார், நான்காவது இடத்தில் சொல்ல வராமல் ஆமென் போட்டுவிட்டார்.

நான் டம்ளர்களை எடுத்து வைத்து விளிம்பு வரை ஊற்றினேன். வழக்கப்படி எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லோரும் வழக்கப்படி மோர் குடிப்பது போல ஒரே மூச்சில் குடித்தார்கள்.

ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். வாத்தியார் கோயில்பிள்ளையைப் பார்த்தார், கோயில்பிள்ளை தன் டம்ளருக்குள் பார்த்தான். துக்க வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. நான் மறுபடி ஊற்றினேன், குடித்தார்கள். எடுத்துவைத்திருந்த பாட்டில்கள் தீர்ந்தபோது வாத்தியாரே எழுந்து சமையலறைக்குப் போய், மேடையில் மூடியிருந்த டம்ளரையும் குடித்துவிட்டு வந்தார்.

வழக்கமாக அவர் தள்ளாடுவதில் ஒரு அழகு இருக்கும். வலது பக்கம் இரண்டு அடி, இடது பக்கம் இரண்டு அடி, கதவு நிலையில் ஒரு சாய்வு. இன்று தள்ளாடவே இல்லை. கொண்டுவந்திருந்த ஆர்மோனியப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார்" என்றார். "இது ஒயினு."

"பின்ன? வருசா வருசம் குடிக்கதுதான."

"இல்ல சார். வருசா வருசம் குடிக்கது இது இல்ல."

"வாத்தியாரே, வாய மூடும்வே" என்றான் கோயில்பிள்ளை. அவன் குரலும் சரியாக இல்லை.

"நீரு சும்மா இரும்வே. பதினாலு வருசமா மூடித்தான் வச்சிருக்கேன். அக்கா போயாச்சு, இனி யாருக்குப் பயப்படணும்? சார், அக்கா இத வடிகட்டி, அடுப்புல ஏத்தி, பாதியா வத்துத வரைக்கும் கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் எங்களுக்குத் தருவா. அதுல ஒரு எழவும் கெடையாது. சர்பத்து சார். வெறும் சர்பத்து."

"நீரு தள்ளாடுவீரே?" என்று கேட்டேன். இந்த இடத்தில் வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

"நடிப்பு. அக்காதான் சொல்லித்தந்தா. மொத வருசம் கொஞ்சம் ஓவராப் போயிட்டு. மறுநாள் கூப்பிட்டு வச்சு ஏசுனா. 'அவரு வானொலியில நாடகம் போட்டவரு, கண்டுபிடிச்சிருவாரு'ன்னா."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரித்தவரே அழுதார். இரண்டும் ஒயினால் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோயில்பிள்ளை என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "அத்தான், வருசா வருசம் வெள்ளையடிக்கணும்னு உங்களக் கூப்பிட்டு எங்க வீட்டு பீரோவ நகத்தச் சொல்லுவேன்லா? பீரோவ ஏன் அவ்வளவு மெதுவா நகத்துனேன்னு ஒரு நாளாவது யோசிச்சியளா? இங்க அக்கா கொதிக்க வச்சுக்கிட்டு இருந்தா. வாசம் போவண்டாமா?"

யோசித்ததில்லை. அவனுக்கு முதுகுவலி என்று நினைத்திருந்தேன்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னா. 'எதுத்தாப்புல உக்காந்து அவரு ஜெயிக்கட்டும், வருசத்துக்கு ஒரு நாளு ஜெயிச்சா மிச்ச நாளு தாங்கும். ஆனா வடிச்சதுக்குப் பொறவு என் வீட்டுக்குள்ள அந்தச் சனியன் ஒரு சொட்டு இருக்கக் கூடாது'ன்னா. தெரு முழுக்கப் போயிச் சொல்லி வச்சா, அத்தான். வீடு வீடா."

அப்படியா என்றேன். வானொலிக் குரலில்தான் வந்தது.

அவர்களால் அடுத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தெருமுக்கு வரை கொண்டுபோய் விட்டேன். டிரம்மை நானே தூக்கிக்கொண்டு போய் கோயில்பிள்ளை வீட்டில் வைத்தேன். இந்தத் தெருவில் குடிக்காதவன் இன்று நான் ஒருவன்தான்.

மிச்சம் இரண்டு பாட்டில்.

டிசம்பர் 15

காலை. தெரு அமைதியாக இருக்கிறது. எல்லா வீட்டிலும் தலைவலி.

வரலாற்றில் பெரிய வெற்றிகள் சிலவற்றில் எதிரி வரவே இல்லை என்று பிற்பாடு தெரிந்ததாகப் படித்திருக்கிறேன். படைகள் அதற்குள் வெற்றித்தூண் நட்டுவிட்டிருக்கும். அவர்கள் தூணைப் பிடுங்கினார்களா, விட்டுவைத்தார்களா என்று அந்தப் புத்தகங்களில் இல்லை.

பாட்டில் ஒன்றைத் திறந்தேன். டம்ளர் எடுத்தேன். ஊற்றினேன். பதினான்கு வருடத்தில் என் முன்னால் வைக்கப்பட்ட முதல் ஒயின் இந்த வருடம் போட்டதுதான் என்று கணக்காகிறது. எதிரே உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை.

பிறகு போனை எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் போனும் இருந்தன.

பியூலா எடுத்தாள். "அண்ணே?"

"கொதிக்க வைக்கணும்னா எந்தப் பாத்திரத்துல வைக்கணும்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பியூலா, நீ வந்து கொஞ்சம் நிக்க முடியுமா?"

"கைல என்ன வச்சிருக்கிய?"

சொன்னேன்.

"அத அப்படியே வைங்க. போனக் கட் பண்ணாதீங்க. நான் நடந்துக்கிட்டே பேசுதேன். இப்ப வாசல்ல இருக்கேன். கேக்குதா? எங்க வீட்டு கேட்டு சத்தம். இப்ப ரேஷன் கடைகிட்ட வந்துட்டேன். அண்ணே, இருக்கியளா?"

இருக்கிறேன் என்றேன்.

"வச்சாச்சா?"

வைத்தேன்.

அதே நாள், மதியம்

டம்ளரில் இருந்ததையும் சேர்த்து இரண்டு பாட்டிலையும் பியூலா அடுப்பில் வைத்தாள். என்னை முன்னறையில் உட்காரச் சொன்னாள். பின்னாலேயே வந்த கோயில்பிள்ளை தலையில் ஈரத் துண்டோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆவி வீடு முழுக்க வந்தது. அவன் எழுந்து ஜன்னல்களைத் திறந்தான்.

உள்ளேயிருந்து பியூலா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அண்ணே, வாசம் வருதா?"

"வருது."

"இப்ப?"

"வருது."

பிறகு வெகு நேரம் கேட்கவில்லை. கடைசியாக வெளியே வந்தபோது மூன்று டம்ளர் கொண்டுவந்தாள். பாதியாக வற்றி, அதற்கு மேலும் வற்றவைத்திருந்தாள். கூழ் மாதிரி இருந்தது. கோயில்பிள்ளை ஒன்றை எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒன்றும் செய்யவில்லை என்பது போலத் தலையாட்டினான். மூன்றாவது டம்ளரை என்னிடம் நீட்டுவதா வேண்டாமா என்று பியூலா நின்றாள்.

வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"எப்படி இருக்கு அத்தான்?" என்றான் கோயில்பிள்ளை. "அக்கா போடுத மாதிரி இருக்கா?"

பதினான்கு கிறிஸ்துமஸ், தெருவில் எல்லோரும் குடித்தது. பத்துப் பதினைந்து வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். எனக்குத்தான் தெரியாது. எனக்காகச் செய்தது, நான் ஒரு வாய் குடித்ததில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரியல" என்றேன். "அவ போடுதது எப்படி இருக்கும்?"

கோயில்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். பியூலா எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"மைனி கடைசியில ரெண்டு ஏலக்கா தட்டிப் போடுவா அண்ணே" என்று சொல்ல ஆரம்பித்தாள்.